கெசட் பெட்டிக்குப் பயந்த வீடு

1. நோமல்

ரிப்போட்டில் "நோமல்" என்று வந்தால் வீட்டார் சந்தோசப்படுவார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஓய்வுபெற்று இத்தனை வருடமாகியும் அந்தக் குணம் போகவில்லை. புதிதாகத் தாதி வேலைக்கு வந்த பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, உங்கட பழைய அனுபவங்களை எழுதித் தாங்க அக்கா என்று கேட்டார்கள். சிரித்த முகமுள்ள நல்ல மிஸ்ஸியின் கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்த பட்டப்பெயர் கொச்சிக்காய் மிஸ்ஸி. மிளகாய் மாதிரி உறைப்பேன், அது பொருத்தமில்லாத பெயரும் இல்லை.

எனக்குப் பாண்டிருப்பு ஊர். எண்பதுகளில் கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். ஈ.சி.ஜீ. அறை என் பொறுப்பில் இருந்தது. எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் ஓர் ஆண். நல்ல மனிதர்தான். ஆனால் நெஞ்சில் வயர் ஒட்டவேண்டும் என்றதும், எங்கள் தமிழ்ப் பெண்களும் சரி, முஸ்லிம் பெண்களும் சரி, "இப்ப சுகமாயிட்டு" என்று சொல்லி எழும்பிப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் வீட்டில் விழுந்து செத்தார்களோ தெரியாது. அந்த அறைக்கு ஒரு பொம்பிளையைப் போடவேண்டும் என்று கண்டுபிடிக்க மேலிடத்துக்கு அவ்வளவு காலம் எடுத்தது.

ஹாஜறா உம்மாவை அங்கேதான் கண்டேன். மருதமுனையில் தறி நெய்கிற வீடு. நாற்பது வயது ஆகியிராது. தறியில் இருந்தபடியே முன்னுக்குச் சாய்ந்து, நெற்றி பலகையில் அடிபட்டு, ஹயர் காரில் கொண்டுவந்தார்கள். தூக்கிக்கொண்டு வந்தவர் புருசன் ஆதம்லெப்பை. ஆளை நான் காணுமுன் சத்தத்தைத்தான் கேட்டேன். கார்க்காரனுக்கு ஏச்சு, கதவைத் திறக்கச் சுணங்கிய அட்டென்டனுக்கு ஏச்சு, மயங்கிக் கிடக்கிறவளுக்கும் ஏச்சு. பயத்தில்தான் ஏசினார், அது எனக்கு விளங்கியது. ஆனால் பயம் தெளிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை.

நான் வயரை ஒட்டும்போது அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். ஈ.சி.ஜீ.யில் ஒரு குறையும் இல்லை. இதில் ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ளவேண்டும். ஈ.சி.ஜீ. என்பது ஒரு நிமிசக் காரியம். அந்த நிமிசம் நெஞ்சு ஒழுங்காக அடித்தால் கடுதாசியிலும் ஒழுங்காகத்தான் விழும். அதற்கு முந்தின நிமிசம் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. அவள் பிறகும் விழுந்தாள், பிறகும் வந்தாள். ஒவ்வொரு முறையும் வரும் வழியிலேயே தெளிந்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் நோமல்.

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான டீ.எம்.ஓ. அவளுடைய முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் நரம்புத் தளர்ச்சி என்று எழுதினார். பொம்பிளைகளுக்கு இந்த வயதில் வருகிறதுதானாம். நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்தார். வீட்டில் அவளுக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கையில் இசிம் எழுதின தாயத்தும் கட்டினார்கள். எனக்கு அதில் கோபமில்லை. ஓதிப் பார்த்த பள்ளிவாசல் லெப்பை அவளுக்குப் பக்கத்தில் இருந்து, என்ன செய்யிது மகள், எப்ப செய்யிது என்று கேட்டாராம். எங்கள் டீ.எம்.ஓ. அதுகூடக் கேட்கவில்லை.

2. இடுப்பில் கட்டிய பெட்டி

அந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு ஃபிசிஷன் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்தவர், இளவயது, அதிகம் கதைக்க மாட்டார். சீமையில் படித்துவிட்டு வரும்போது, அங்கே பழசென்று ஒதுக்கிவைத்த ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஹோல்டர் என்று அதற்குப் பெயர். நோயாளியின் நெஞ்சில் வயர்களை ஒட்டி, பெட்டியை இடுப்பில் பட்டியால் கட்டிவிட்டால், ஒரு பகலும் ஓர் இரவும் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று உள்ளே ஓடுகிற கெசட் நாடாவில் பதியும். நோயாளி படுத்துக் கிடக்கத் தேவையில்லை. வீட்டுக்குப் போய் வழமையான வேலைகளைச் செய்யவேண்டும். படபடப்பு வந்தால் பெட்டியில் இருக்கும் பொத்தானை அமத்தவேண்டும். கெசட்டை வாசிக்கிற மெசின் கொழும்பில் மட்டும் இருந்தது. நாங்கள் பார்சல் கட்டி அனுப்புவோம்.

நாங்கள் அதைக் கெசட் பெட்டி என்போம். வாட்டில் இருந்து கண்டீன் வரைக்கும் அந்தப் பெயர்தான்.

இப்போது பிள்ளைகள் கையில் மணிக்கூடு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, நெஞ்சு தவறி அடித்தால் அது சொல்லும் என்கிறார்கள். எங்கள் பெட்டி செங்கல் பாரம். வேர்வைக்குப் பிளாஸ்டர் கழன்றுவிடும். வெக்கையான கச்சான் காற்றுக் காலத்தில் ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் அந்தக் காலத்தில் எங்கள் கரையில் அதைவிடப் பெரிய விசயம் வேறு இருக்கவில்லை.

முதலில் ஹாஜறா உம்மாவுக்குத்தான் கட்டவேண்டும் என்று ஃபிசிஷன் சொன்னார். டீ.எம்.ஓ.வுக்கு அது பிடிக்கவில்லை. பெட்டி வெளியே போகக் கூடாது, ஆளை வாட்டில் படுக்கவைத்துக் கட்டுங்கள் என்றார். வாட்டில் படுத்தால் அவளுக்கு மயக்கம் வராது, தறியிலதான் வருது என்று ஃபிசிஷன் பொறுமையாகச் சொல்லித் தன் பொறுப்பில் கையெழுத்து வைத்தார்.

நான் கதவைப் பூட்டிவிட்டு வயர்களை ஒட்டினேன். கைகால் கழுவி உளூ செய்யலாம், தொழலாம், சமைக்கலாம், நெய்யலாம், குளிக்க மட்டும் கூடாது என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். வெளியே வந்ததும் ஆதம்லெப்பை பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்குள்ள கெசட்டா மிஸ்ஸி ஓடுது?"

ஓம் என்றேன்.

"அந்தக் கெசட்டு எங்க போகும்?"

கொழும்புக்குப் போகும், அங்க பெரிய டொக்டர்மார் பார்ப்பாங்க என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏசாமல், சத்தம் போடாமல், மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். மெசினைக் கண்ட பிரமிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஒருவரும் ஏசாத நாள்

கொழும்பிலிருந்து பதில் வந்தது. நோமல். ஓர் ஓரத்தில் சின்னதாகக்கூட ஒரு பிழை இல்லை. சுகதேகிக்குக்கூட அவ்வளவு வடிவாக வராது.

டீ.எம்.ஓ.வுக்குக் கொண்டாட்டம். நான் சொன்னேன்தானே என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். குளிசையின் அளவைக் கூட்டி எழுதினார். ஃபிசிஷன் லீவில் யாழ்ப்பாணம் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அது அவருடைய கூட்டாளிமாருக்குத்தான் வெளியே வந்தது. மத்தியானம் புரியாணி சாப்பிட்டு நெஞ்செரிந்த கந்தோர் உத்தியோகப் பெரியவர்களின் இடுப்பில் அதைக் கட்டி, ஒரு நோமலை வாங்கிக் கொடுப்பார். அவர்களுக்கும் அதில் ஒரு பெருமை.

ஹாஜறா உம்மா அடுத்த முறை விழுந்தது அடுப்படியில். கஞ்சி வடித்துக்கொண்டிருந்தவளின் முழங்கைக்குக் கீழே முழுக்க வெந்துவிட்டது. கொஞ்சம் மற்றப் பக்கம் விழுந்திருந்தால் முகம் அடுப்புக்குள் போயிருக்கும். அவளைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஒன்று விளங்கியது: இவள் இப்படியே ஒருநாள் சாகப் போகிறாள், நாங்கள் நோமல் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம்.

மருந்து கட்டும்போது ஆத்திரத்தில் அவளிடமே கேட்டேன். பெட்டி கட்டின நாளில் மட்டும் ஏன் உனக்கு ஒன்றும் வரவில்லை என்று. அவள் அந்த வேதனைக்குள்ளும் சிரித்தாள்.

"அண்டைக்கு ஆரு மிஸ்ஸி ஏசின? ஏசினாத்தானே எனக்கு நெஞ்சு பறக்கும்."

மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. பெட்டியோடு வீட்டுக்குப் போனதும் ஆதம்லெப்பை வாசல் கதவைச் சாத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டாராம். கெசட் ஓடுது, கொழும்புக்குப் போகுது, பெரிய டொக்டர்மார் சுத்தி இருந்து கேக்கப் போறாங்க, அவங்களுக்குப் பின்னால இன்னும் ஆரார் கேப்பாங்களோ தெரியாது, காலம் கெட்டுக் கிடக்கு, ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது என்று காதுக்குள் சொன்னாராம். தறிச் சத்தத்தில் தாங்கள் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள் என்று தறிகளையும் நிறுத்திவிட்டார். அன்று முழுக்க அந்த வீட்டில் கைப்பாசைதான். தேங்காய்ப் பாதி கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியை வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஹாஜறா உம்மாவின் தாய் இருமல் வந்தால் முற்றத்துக்கு ஓடினாளாம். ஆதம்லெப்பைக்குத் தேநீரில் சீனி போதாமல் போனது. கோப்பையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குடித்தாராம்.

நானும் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் சொன்னது:

"கலியாணம் முடிச்ச நாளையில இருந்து அப்பிடி ஒரு நாள நான் காணல்ல மிஸ்ஸி. அண்டைக்கு எனக்கு நல்லா நித்திரையும் வந்திச்சு."

என் சிரிப்பு அத்தோடு போய்விட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்கு வந்து இருப்பார். அந்த வீடு ஹாஜறா உம்மாவின் வாப்பா அவளுக்கென்று கட்டிக் கொடுத்தது. தறிகளும் அவளுடையவை. தன்னுடைய வீட்டில், தன்னுடைய தறியில் இருந்துகொண்டு, நூல் அறுந்ததுக்கும் சோறு குழைந்ததுக்கும் விடிந்ததிலிருந்து ஏச்சு வாங்கியிருக்கிறாள். ஒரு பெட்டிக்குப் பயந்து ஒரு நாள் வாயை மூடியிருக்கிறார்கள். அந்த ஒரு நாளைப் பார்த்துவிட்டு, கொழும்பிலிருந்து கல்முனை வரைக்கும் படித்த எல்லோரும் சேர்ந்து உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறோம்.

4. டீ.எம்.ஓ.வின் பகிடி

நேரே டீ.எம்.ஓ.விடம் போனேன். நடந்ததைச் சொல்லி, இன்னொருமுறை கட்டவேண்டும், பெட்டியைத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒருக்காப் போட்டாச்சு, முடிவும் வந்திட்டு. திருப்பித் திருப்பிப் போட இது என்ன கலியாண மாலையா?"

அன்றைக்கு மத்தியானமே அது ஆஸ்பத்திரி முழுக்கப் பகிடியாகிவிட்டது. நெசவாளி கெசட்டுக்குப் பயந்து ஊமையான கதை. கண்டீனில் சொல்லிச் சிரித்தார்கள், மருந்துக் கலவைக்காரர் கைப்பாசையில் நடித்துக் காட்டினார். அத்தனை பேரில் ஒருவருக்காவது, அப்படியானால் மற்ற நாட்களில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரும்பப் போய்க் கத்தினேன். மிஸ்ஸி ஒருத்தி டீ.எம்.ஓ.வின் அறையில் நின்று கத்துவது அந்தக் காலத்தில் சின்னக் காரியமில்லை. கந்தோர் பெரியவர்களின் வயிற்றுக் கொதிப்புக்குக் கட்டுகிற பெட்டி, அடுப்புக்குள் விழப் பார்த்தவளுக்குக் கிடையாதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை இப்போது. தூரத்தில், உகணைக்கு அப்பால் எங்காவது மாற்றிவிடுவேன் என்றார். மாத்துங்க, போகிறதுக்கு முன்னம் பெட்டியைத் தாருங்க என்றேன். தரவில்லை.

ஃபிசிஷன் லீவு முடிந்து வந்த அன்று வாட்டு வாசலிலேயே மறித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அண்டைக்கு வீட்டில என்ன நடந்தது எண்டு நானும் கேக்கேல்லை மிஸ், கேட்டிருக்கவேணும் என்றார். போய் அலுமாரித் திறப்பை வாங்கிக்கொண்டு வந்தார். எப்படி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

ஆதம்லெப்பையை அழைத்து, இந்தப் பெட்டிக்குச் சத்தம் கேக்காது, நெஞ்சின்ர மின்சாரம் மட்டும்தான் பதியும் என்று சொன்னார். அவர் நம்பவில்லை. ஃபிசிஷன் பதிந்து முடிந்த ஒரு கெசட்டை எடுத்து, குவாட்டர்ஸிலிருந்து கொண்டுவந்த கெசட் ரேடியோவில் போட்டுக் காட்டினார். உர்ரென்று ஓர் இரைச்சல், அவ்வளவுதான். ஆதம்லெப்பை காதை வைத்துக் கேட்டார்.

"அப்ப நான் ஒரு நாள் முழுக்கச் சும்மாவா டொக்டர் வாய மூடிட்டு இருந்த?"

வழமையாக எப்படி இருப்பீர்களோ அப்படி இருங்கள் என்று ஃபிசிஷன் சொல்லி அனுப்பினார். எனக்கு அது நெஞ்சில் குத்தியது. அவளுடைய நோயைப் பிடிக்கவேண்டுமென்றால் அவள் ஏச்சு வாங்கவேண்டும். அதற்கு நாங்களே அனுமதி கொடுத்து அனுப்புகிறோம். கதவைப் பூட்டிக்கொண்டு வயரை ஒட்டும்போது ஹாஜறா உம்மாவிடம், உனக்கு விருப்பமில்லை என்றால் விடுவோம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தினமும் வாங்குறதுதானே மிஸ்ஸி. ஒரு நாளைக்காவது அதால ஒரு புரயோசனம் வரட்டும்."

5. லுஹருக்குப் பிறகு

அடுத்த நாள் பெட்டியைக் கழற்றும்போது, எப்போது பொத்தானை அமத்தினாய் என்று கேட்டேன். அவள் வீட்டில் நேரம் மணிக்கூட்டில் போவதில்லை, தொழுகையில் போகிறது. மத்தியான லுஹர் தொழுதுவிட்டுத் தறியில் இருந்தாளாம். பாவு நூலில் சாயம் ஊறியிருந்ததைக் கண்டு ஆதம்லெப்பை ஏசத் தொடங்கியிருக்கிறார். பொத்தானை அமத்தியது நினைவிருக்கிறது, பிறகு கண்விழித்தபோது தன் உம்மாவின் மடியில் கிடந்தாளாம்.

கொழும்பிலிருந்து இம்முறை கடுதாசி மட்டும் வரவில்லை. நெஞ்சின் கோடுகள் விழுந்த நீளத்துண்டும் வந்தது. ஃபிசிஷன் அதை மேசையில் விரித்துப் புருசன் பெண்சாதி இருவரையும் இருத்திக் காட்டினார். காலையில் ஒழுங்கு. லுஹருக்குப் பிறகு நெஞ்சு தாறுமாறாக, வேகமாக ஓடுகிறது. ஓட்டம் சட்டென்று அறுகிறது. அதற்குப் பிறகு கோட்டில் ஒன்றுமே இல்லை. ஓர் ஆள் மூச்சை நிறைய இழுத்து, விட்டு, பின்னும் இழுக்கிற நேரத்துக்கு அவளுடைய நெஞ்சு அடிக்கவே இல்லை. பிறகு ஒன்று, பிறகு மெல்ல இன்னொன்று.

இது நரம்பு இல்லை, நெஞ்சு நிண்டு நிண்டு அடிக்குது, ஒருநாள் அப்பிடியே நிண்டுபோகும் என்று சொன்னார். கொழும்புக்குப் போய் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் என்கிற சின்ன மெசின் ஒன்று வைக்கவேண்டும், பெற்றறியில் ஓடும், நெஞ்சு நிற்கப் பார்த்தால் அது தட்டிக் கொடுக்கும் என்றார். ஹாஜறா உம்மா புருசன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் நடிக்கல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அழுதது நான்.

ஆதம்லெப்பை அந்தத் துண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏச்சினால் வந்த நோய் இல்லை இது, உள்ளே இருந்த நோய்தான், ஆனால் பதறவைக்கிறபோது அது கிளம்புகிறது என்று ஃபிசிஷன் நிதானமாகச் சொன்னார். ஆதம்லெப்பையின் காதில் எது விழுந்ததோ தெரியாது. அறையை விட்டு வரும்போது என்னிடம் இரகசியமாகச் சொன்னார்.

"டொக்டர் பொய் சொல்லிட்டார் மிஸ்ஸி. அந்தப் பெட்டி கேட்டிரிக்கி."

டீ.எம்.ஓ.வும் துண்டைப் பார்த்தார். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது என்றார். நான் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், அந்த வேலை எனக்கு ஹாஜறா உம்மா மாதிரி ஆட்களுக்காகத் தேவைப்பட்டது. சொன்னபடி கொஞ்ச நாளில் என்னை மாற்றப் பார்த்தார், ஃபிசிஷன் மறித்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் இதுதான். கையில் கட்டினாலும் இடுப்பில் கட்டினாலும் மெசின் பொய் சொல்லாது. ஆனால் அது அந்த நாளைப் பற்றித்தான் சொல்லும். அது எப்படிப்பட்ட நாள் என்று நீங்கள்தான் கேட்கவேண்டும். வேலை செய்தாளா, சாப்பிட்டாளா, வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். கேட்காமல் நோமல் என்று எழுதுகிற கை என் முன்னால் இருந்தால் இந்த வயதிலும் ஏசுவேன்.

ஹாஜறா உம்மா கொழும்பில் நெடுநாள் காத்துக் கிடந்து மெசின் வைத்துக்கொண்டு வந்தாள். மெசின் வைத்த காயம் ஆறிவிட்டதா என்று காட்ட என்னுடைய அறைக்கு வந்தாள். அவள் உள்ளே சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், கதவு பாதி திறந்திருந்தது. ஆதம்லெப்பை வெளியே நின்றவர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். அவருடைய சத்தம் வெகுவாக இறங்கியிருந்தது.

"மிஸ்ஸி, உள்ளுக்கு வெச்சிரிக்கிற மெசினும் அந்தப் பெட்டி மாதிரிப் பதியுமா? இதுவும் கொழும்புக்குப் போகுமா?"

அந்த மெசினுக்கு எதையும் பதியத் தெரியாது. நெஞ்சைத் தட்டிக் கொடுக்க மட்டும்தான் தெரியும். நோயாளியின் வீட்டாருக்கு நான் அன்றுவரைக்கும் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"ஓம்," என்றேன். "எல்லாம் பதியும். ராப்பகலாப் பதியும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கார் பிடிக்கப் போனார். நான் உள்ளே வந்தேன். ஹாஜறா உம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தாள். வெளியே கதைத்தது முழுக்கக் கேட்டிருக்கும். பெற்றறி எவ்வளவு காலத்துக்குத் தாங்கும் என்று மட்டும் கேட்டாள். கொஞ்ச வருசம் தாங்கும், தீர்ந்துபோனால் புதிசு வைப்பார்கள் என்றேன்.

"அது போதும் மிஸ்ஸி," என்றாள். "அவ்வளவு காலம் ஏச்சில்லாம இரிந்தாக் காணும்."